மூடிய கடையையும் தேடிப் போனவர்கள்



கூலியைச் சட்டம் போட்டு உயர்த்தினால் முதலாளி ஆளைக் குறைத்துவிடுவார் என்ற பேச்சை நாம் எல்லோரும் கேட்டிருப்போம். பொருளாதார அறிஞர்கள் பெரும்பாலோரும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைக் கடை கடையாகச் சோதித்துப் பார்த்தவர் டேவிட் கார்டு. கனடாவில் 1956-இல் பிறந்து, பால்பண்ணையில் வளர்ந்தவர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1983-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1992 ஏப்ரல் 1 அன்று நியூஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பழைய கூலியே நீடித்தது. இரு பக்கமும் ஒரே மாதிரி துரித உணவுக் கடைகள், ஒரே மாதிரி வேலை. கார்டும் அவருடன் ஆய்வு செய்த பொருளாதார அறிஞர் ஆலன் க்ரூகரும் சட்டம் அமலாகும் முன்பே 410 கடைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டார்கள். ஆண்டு இறுதியில் மறுபடி விசாரித்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். இரண்டாம் முறை தொலைபேசியில் பிடிபடாத கடைகளை அவர்கள் விட்டுவிடவில்லை. ஆளை நேரில் அனுப்பினார்கள். ஆறு கடைகள் நிரந்தரமாக மூடப்பட்டிருந்தன. ஒன்று தீவிபத்தால் தற்காலிகமாக மூடியிருந்தது. மூடிய கடைகளை விட்டுவிட்டுத் திறந்திருப்பவற்றை மட்டும் எண்ணினால், போன வேலைகள் கணக்கிலேயே வராது அல்லவா? பொருளாதாரத் தரவுகளை அளந்து ஆராயும் பொருளாதார அளவியல் என்றதும் சூத்திரங்கள்தான் நினைவுக்கு வரும். இந்த ஆய்வின் உயிர் கடைகளுக்கு நேரில் போன அந்த நடையில் இருக்கிறது என்பேன்.

இப்படி எண்ணிப் பார்த்ததில், நியூஜெர்சியில் வேலை குறையவில்லை. 1994-இல் கட்டுரை வெளியானதும் பெரும் சர்ச்சை எழுந்தது. வேறு ஆய்வாளர்கள் சம்பளப் பட்டியல்களைத் திரட்டி, முடிவு தவறு என்றார்கள். கார்டும் க்ரூகரும் அரசின் வேலைவாய்ப்புப் பதிவேடுகளைக் கொண்டு மறுபடி கணக்கிட்டு 2000-இல் பதில் எழுதினார்கள். குறிப்பிடத்தக்க வேலையிழப்பு அதிலும் தென்படவில்லை.

2021-இல் பொருளாதார நோபல் பரிசில் பாதி கார்டுக்குக் கிடைத்தது. க்ரூகர் 2019-இலேயே காலமாகிவிட்டார்.

கூலியை எவ்வளவு உயர்த்தினாலும் பாதிப்பே வராது என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. ஒரு மாநிலத்தில், ஒரு தொழிலில், 80 சென்ட் உயர்வுக்கு என்ன நடந்தது என்பதைச் சொன்னது. வேறோர் ஊரில் என்ன நடக்கும் என்று அறிய, அங்கும் யாராவது கடைகளின் படியேறித்தான் கேட்க வேண்டும்.