பாட்டில்லாத ஒரு படம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் பேசியது)



சம்பள விஷயத்தைச் செயலாளர் விவரமாகச் சொல்லிவிட்டார். எமக்குப் பத்து நிமிடம் கொடுத்து, "சினிமாவைப் பற்றி ஏதாவது பேசும்" என்று உத்தரவாகியிருக்கிறது. கிராணி சினிமா பேசுகிறாரே என்று பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரிக்கட்டும்.

மேட்டு லயத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். பெயரைச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருக்கும் நமக்கும் ஒரே பைத்தியம், பழைய படம். அதிலும் எல்லாரும் பார்த்துப் புகழ்ந்த படம் கூடாது. மறந்துபோன படமாக இருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு அவர் பேரன் வாங்கிப்போட்ட தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். தேடிக்கொண்டு வருவது நம் வேலை. கட்டங்காப்பி அவர் பொறுப்பு.

முதலில் அகப்பட்டது 'ஏழை படும் பாடு'. 1950இல் ராம்நாத் எடுத்தது. பிரெஞ்சுக்காரர் விக்டர் ஹியூகோ எழுதிய நாவலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் கொடுத்தாரே, அந்தக் கதை. ரொட்டி திருடிய ஏழையாக நாகையா நடித்தார். அவரை விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜாவர் வேஷம் போட்ட சீதாராமனுக்கு, அந்தப் பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பெரியவர் பார்த்துவிட்டு, "அந்த ஜாவர் மாதிரி ஒரு தண்டல் எங்க காலத்துல இருந்தாரு" என்றார். அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

நாம் சொல்ல வந்தது அடுத்த படத்தைப் பற்றி. 'அந்த நாள்'. 1954இல் தமிழ் வருடப் பிறப்புக்கு வந்தது. ஏ.வி.எம். தயாரிப்பு, டைரக்ஷன், வீணை பாலசந்தர். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்! பெரியவர் சிறுவனாக இருந்தபோது திடலில் திரை கட்டி இந்தப் படத்தைக் காட்டினார்களாம். "பாட்டு வரும் வரும்னு காத்திருந்தேன் கிராணி. வரல. அம்மா மடியில தூங்கிட்டேன்" என்றார். அறுபது வருடத்துக்கு மேல் கழித்து மிச்சத்தைப் பார்க்க உட்கார்ந்தோம்.

1943 அக்டோபரில் சென்னை மீது ஜப்பானியர் குண்டு போட்ட சமயம். ராஜன் என்ற ரேடியோ எஞ்சினியர் சுடப்பட்டுக் கிடக்கிறான். அது சிவாஜி. கதாநாயகன் முதலிலேயே பிணம்! மனைவி, தம்பி, அண்டை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் கொலைகாரன் மாறிக்கொண்டே போகிறான். நம் தோட்டத்து விசாரணைகளில் வாக்குமூலம் எழுதி எழுதிக் கை ஓய்ந்த நமக்கு அதில் ஒன்றும் அதிசயமில்லை. ஒரே சண்டையைக் கங்காணி ஒரு விதமாகச் சொல்லுவார், வெட்டுக்காரர் ஒரு விதமாகச் சொல்லுவார். இருவருமே பொய் சொல்லாமல் இருப்பதும் உண்டு.

பிறகுதான் தெரிகிறது, ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன் என்று. ஏழைகளுக்கு மலிவாக ரேடியோ செய்யலாம் என்று அவன் சொன்ன யோசனையைச் சர்க்கார் தள்ளிவிட்டது. அந்த ஆத்திரம். இந்த இடத்தில் பெரியவர், "நிறுத்து கிராணி" என்றார்.

நிறுத்தினோம். அவருடைய தகப்பனார் சயாம் மரண ரயிலுக்குப் போய்த் திரும்பியவர். கூடப் போன தம்பி திரும்பவில்லை. சென்னையில் குண்டு விழுந்த அதே 1943 அக்டோபரில்தான், 415 கிலோமீட்டர் தண்டவாளத்தின் இரு முனைகளும் வந்து சேர்ந்தன. படம் எடுத்தவர்களுக்கு அந்த நினைப்பு இருந்திருக்குமா, தெரியாது. "மனக்குறை இருந்தா காட்டிக் கொடுக்கிறதா? எங்கப்பனுக்கு இல்லாத மனக்குறையா?" என்று கேட்டார். அவன் திறமையை மதிக்காத சர்க்காருக்கும் பங்கு உண்டு என்று நாம் வாதாடினோம். விளைவு, அடுத்த சனிக்கிழமை காப்பி இல்லை, கதவும் சாத்தியிருந்தது.

அதற்கடுத்த வாரம் அவரே ஆள் அனுப்பினார். மீதியைப் பார்த்தோம். முடிவை இங்கே சொல்லமாட்டோம். ஆனால் அந்த மனைவியாக நடித்த பண்டரிபாயைப் பார்த்துப் பெரியவர், "அந்தப் பொண்ணு சரியா செஞ்சுது" என்றார். வாதத்தில் தோற்றது நாம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தேடுவது 'பாதை தெரியுது பார்'. 1960இல் நிமாய் கோஷ் எடுத்த தொழிலாளர் படம். இசை எம்.பி. சீனிவாசன், ஜெயகாந்தன் பாட்டு எழுதியிருக்கிறார். பாட்டுகள் மட்டும் அகப்பட்டன, படம் அகப்படவில்லை. உங்களில் மூத்தவர் யாராவது அதைப் பார்த்திருந்தால், கதையையாவது வந்து சொல்லுங்கள். சனிக்கிழமை எட்டு மணிக்கு, மேட்டு லயம், கடைசி வீடு. காப்பி உண்டு.