‘காப்பீட்டு கேஸ்’



என் அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்த தனியார் மருத்துவமனையில், இருந்த நான்கு நாளும் அவருக்குப் பெயர் கிடையாது. ‘காப்பீட்டு கேஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மருத்துவர் தள்ளி நின்று கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டுப் போவார். முகவரியில் ‘காலனி’ என்று இருந்தது. அதனால்தானா? என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடிதான் அதைச் செய்வார்கள்.

2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். கந்துவட்டிக்கு ஓடாமல் ஆபரேஷன் செய்துகொள்ள முடிந்தது எங்கள் தெருவுக்குப் பெரிய விஷயம். இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. ஆனால், செய்த சிகிச்சைக்குத்தான் பணம். நடத்திய விதத்துக்கு அல்ல. தொட்டுப் பார்த்தார்களா, எந்த மாத்திரை எதற்கென்று சொன்னார்களா, தனியாகப் பணம் கேட்டார்களா என்று நோயாளி வீடு திரும்பிய பிறகு அரசு கேட்க வேண்டும். பதில்களைச் சமூகவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வெளியிட வேண்டும். பட்டியல் சாதியினருக்கு மட்டும் மதிப்பெண் இறங்கும் இடத்தில் கட்டணத்தைப் பிடிக்க வேண்டும்.

இப்போதும் கேட்கிறார்கள்தான். டிஸ்சார்ஜ் அன்று அம்மாவிடம் ஒரு கருத்துப் படிவம் வந்தது. ‘மிக நன்று’ என்று அவர்களே டிக் போட்டிருந்தார்கள். அம்மா கைநாட்டு மட்டும் வைத்தார்.