உலக பாங்கின் ஒரு நாற்காலி



சென்ற வகுப்பு முடிந்ததும் ஒரு ஸ்பின்னிங் மில் தோழர் எழுந்து, “மானியத்தை வெட்டு, ஆளைக் குறை என்று நாடு நாடாகப் போய் யோசனை சொல்கிறார்களே, அந்த நிபுணர்கள் யார்? எங்கேயிருந்து வருகிறார்கள்? அப்புறம் எங்கே போகிறார்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக இன்று ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் கேரி என்று ஓர் ஊர். யு.எஸ். ஸ்டீல் கம்பெனி தன் உருக்காலைக்காக 1906-இல் ஏற்படுத்திய ஊர். ஊரின் பெயரே கம்பெனித் தலைவரின் பெயர்தான். 1919-இல் உருக்குத் தொழிலாளிகள் நாடு பூராவும் வேலை நிறுத்தம் செய்தபோது இங்கே பட்டாளம் வந்து இறங்கிற்று. அந்த ஊரில் 1943-இல் பிறந்தவர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ். தகப்பனார் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு, தாயார் பள்ளி ஆசிரியை. ஆலை ஓடினால் ஊர் சிரிக்கும், ஆலை நின்றால் ஊர் பட்டினி கிடக்கும். இதைப் பார்த்து வளர்ந்த பையன் பொருளாதாரம் படித்தார்.

அவர் ஆராய்ந்த விஷயங்களில் இரண்டை மட்டும் சொல்கிறோம். இரண்டும் உங்களுடையவை. 1969-இல் அவர் ஆப்பிரிக்காவில் கென்யாவுக்குப் போனார். அதன்பின் 1974-இல் வாரச் சாகுபடி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரொக்கக் குத்தகை என்றால் மழை பொய்த்த நஷ்டம் முழுவதும் உழுதவன் தலையில். கூலிக்கு ஆள் வைத்தால் நிலக்காரன் வரப்பிலேயே நின்று காவல் காக்க வேண்டும். வாரத்தில் நஷ்டமும் பாதி, காவலும் பாதி. அதனால்தான் இந்த முறை இவ்வளவு காலம் நிற்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். வாரத்துக்கு உழுத தோழர்கள் இதற்குக் கணக்குப் புஸ்தகம் எதற்கு என்று சிரிக்கலாம்!

இரண்டாவது, 1984-இல் கார்ல் ஷாபிரோ என்பவருடன் சேர்ந்து எழுதியது. வேலையில்லாத் திண்டாட்டம்தான் தொழிலாளியைக் கட்டுப்பாட்டில் வைக்கும் கருவி என்பது அதன் சாரம். கேட்டுக்கு வெளியே பத்துப் பேர் நிற்பதால்தான் உள்ளே இருப்பவன் மேஸ்திரிக்குப் பயப்படுகிறான். மார்க்ஸ் 1867-லேயே இதை வேறு விதமாகச் சொல்லிவிட்டார். ஆனால் முதலாளிகளின் சொந்தப் பல்கலைக்கழகத்திலிருந்தே இது வந்ததல்லவா? அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1993-இல் கிளிண்டன் சர்க்காரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார். 1995-இல் அதன் தலைவரானார். 1997 பிப்ரவரியில் உலக பாங்கின் பிரதம பொருளாதார நிபுணர் ஆனார். நாம் சொல்லும் நாற்காலி இதுதான்.

உலக பாங்கும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் 1944-இல் ஒன்றாகப் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். வாஷிங்டனில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிடங்கள். இங்கே ஆளுக்கொரு ஓட்டு கிடையாது, பணத்துக்குத்தான் ஓட்டு. நிதி ஸ்தாபனத்தின் பெரிய முடிவுகளுக்கு நூற்றுக்கு 85 ஓட்டு வேண்டும். அமெரிக்கா ஒன்றின் கையிலேயே 16-க்கு மேல் இருக்கிறது. அது தலையசைக்காமல் எதுவும் நடக்காது. நமது நாடும் 1991-இல் இந்த வாசலில் நின்றது. ரிசர்வ் பாங்கு 47 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தது அந்த வருஷம்தான்.

1997 ஜூலை 2-ந் தேதி தாய்லாந்தின் நாணயம் சரிந்தது. லாபத்துக்காக ஓடி வந்த வெளிநாட்டுப் பணம் ஒரே மூச்சில் வெளியே ஓடிற்று. டாலருக்கு 25 பாட் என்றிருந்தது, ஆறு மாதத்தில் 50-ஐத் தாண்டியது. நெருப்பு இந்தோனேஷியாவுக்கும் கொரியாவுக்கும் பரவிற்று. நிதி ஸ்தாபனம் கடனோடு வந்தது. கூடவே நிபந்தனைகளும் வந்தன: வட்டியை ஏற்று, செலவை வெட்டு, பாங்கிகளை மூடு.

வட்டியை ஏற்றினால் என்ன ஆகும்? பஞ்சு வாங்கக் கடன் வாங்கிய ஆலையை நினைத்துப் பாருங்கள். நேற்று வரை வட்டி கட்டி ஓடிய ஆலை இன்று கட்ட முடியாமல் கதவடைக்கிறது. அதற்குக் கடன் கொடுத்த பாங்கியும் கவிழ்கிறது. அது கவிழ்ந்தால் அடுத்த ஆலையும் போகிறது. இந்த நாடுகளின் சர்க்கார்கள் ஊதாரித்தனமாகச் செலவழித்தவையல்ல, கடன் தனியார் கம்பெனிகளின் கடன், வியாதி ஒன்று, மருந்து வேறு என்றார் ஸ்டிக்லிட்ஸ். 1997 டிசம்பரில் கோலாலம்பூரில் நிதி மந்திரிகள் கூடிய கூட்டத்தில், இப்படியே போனால் ஜனங்கள் கொதித்தெழுவார்கள் என்று எச்சரித்ததாக அவரே பின்னால் எழுதினார். பல்லைக் கடித்துப் பொறுக்கத்தான் வேண்டும் என்ற மாதிரி பதில் வந்ததாம் நிதி ஸ்தாபனத் தலைவர் காம்டெசுவிடமிருந்து. யாருடைய பல்?

1998 ஜனவரி 15-ந் தேதி ஜகார்த்தாவில் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜனாதிபதி சுகார்த்தோ குனிந்து கையெழுத்துப் போடுகிறார். காம்டெசு கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார், பையனின் கணக்கைப் பார்க்கும் வாத்தியாரைப் போல. சுகார்த்தோவுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. 1965-66-இல் லட்சக்கணக்கான கம்யூனிஸ்டுகளின் ரத்தத்தில் நடந்து பதவிக்கு வந்தவர் அவர். ஆனால் அந்தக் கையெழுத்துக்கு விலை கொடுத்தது ஜனங்கள். மே மாதம் எண்ணெய் விலை ஏறிற்று. கலவரத்தில் ஆயிரத்துக்கு மேல் மடிந்தார்கள். சீன வம்சத்துக் கடைக்காரர்களின் குடும்பங்கள் மீது செய்யப்பட்ட அட்டூழியங்களை வாயால் சொல்ல முடியாது. மே 21-இல் சுகார்த்தோ விலகினார். அந்த வருஷம் நாட்டின் மொத்த உற்பத்தி நூற்றுக்கு 13 பங்கு விழுந்தது. கொரியாவில் வேலையில்லாதோர் 1997-இல் நூற்றுக்கு 3-க்கும் குறைவு. அடுத்த வருஷம் 7.

மலேஷியா மட்டும் 1998 செப்டம்பரில் பணம் வெளியே ஓடாதபடி கதவை அடைத்தது. உலகமே பழித்தது. ஸ்டிக்லிட்ஸ் பழிக்கவில்லை.

உள்ளே இருந்துகொண்டு இப்படிப் பகிரங்கமாகப் பேசுவது அமெரிக்க கஜானா இலாகாவுக்குப் பிடிக்கவில்லை. 1999 நவம்பரில் அவர் விலகலை அறிவித்தார். 2000-இல் பத்திரிகையில் எல்லாவற்றையும் எழுதினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றார்.

இனி அந்தத் தோழரின் கடைசிக் கேள்வி: எங்கே போகிறார்கள்? அதே நாற்காலியில் 1988 முதல் 1990 வரை இருந்தவர் ஸ்டான்லி பிஷர். ஆசிய நெருக்கடியின்போது நிதி ஸ்தாபனத்தின் இரண்டாவது அதிகாரி அவர்தான். 2002-இல் சிட்டி குரூப் என்ற பெரிய பாங்கியின் துணைத் தலைவரானார். 1991-இல் அதில் அமர்ந்த லாரன்ஸ் சம்மர்ஸ் 1999-இல் அமெரிக்க கஜானா மந்திரியானார். ஸ்டிக்லிட்ஸ் வாத்தியார் வேலைக்குத் திரும்பினார்.

இதனால் அவர் நம் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். முதலாளித்துவத்தைச் சீர்திருத்தி நிற்கவைக்கலாம் என்பது அவர் கட்சி. அது நம் கட்சியல்ல. ஆனாலும் ஜமீன் கச்சேரியிலேயே வேலை பார்த்த கணக்கப்பிள்ளை வெளியே வந்து, கணக்கு தப்பு என்று சொன்னால் அந்தச் சாட்சியைக் கோர்ட்டில் யாரும் தள்ள முடியாது. அதனால்தான் அவருடைய பேச்சை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறோம்.

பணம் ஓடாமல் கதவடைப்பது சில சமயம் சரிதான் என்று நிதி ஸ்தாபனமே 2012-இல் எழுதி ஒப்புக்கொண்டது. 1998-இல் கதவடைத்த ஆலைகளைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.