விலாத் தகடும் வீட்டுத் தமிழும்



சாணார்பட்டி மாந்தோப்புகளிலும் கடலைக் கொல்லைகளிலும் தும்பியையும் வெட்டுக்கிளியையும் காணாதார் இலர். அவற்றிற்கு உள்ளெலும்பு இல்லை. புறத்தே அமைந்த வன்தோடே காப்பு. நெஞ்சுப் பகுதியின் ஒவ்வொரு கணுவிலும் மேலே முதுகுத் தகடு, அடியில் மார்புத் தகடு, இருமருங்கிலும் விலாத் தகடு.

விலாத் தகடு வெறுஞ் சுவரன்று. வெட்டுக்கிளியில் அதன் மேல்விளிம்பில் எழும் முனையே சிறகைத் தாங்கும் ஊன்றுகால். முதுகுத் தகட்டைத் தசைகள் கீழிழுக்கச் சிறகு மேலெழுகிறது. அத்தகடு மேல்வளையச் சிறகு தாழ்கிறது. ஏற்றக்காலின்மீது ஏற்றமரம் ஏறியிறங்கும் அதே அமைப்பு! தும்பியின் விலாத் தகடுகளோ பெரியவை, பின்சாய்ந்தவை. அதனால் கால்கள் முன்தள்ளி நின்று, பறந்தவாறே இரையைக் கூடைபோல் அள்ளுகின்றன. வயிற்றுக் கணுக்களிலோ இம்மருங்கு பெரும்பாலும் மென்தோலே. உணவும் முட்டையும் நிறையும்போது வயிறு விரிவதற்கு அதுவே துணை.

இத்தகட்டைக் கல்லூரியிற் 'புளூரான்' என்பர். ஏதோ மறைமொழியென அஞ்சி மாணவன் நெட்டுருப் போடுகிறான். அச்சொல்லின் பொருள் யாது? கிரேக்கத்தில் விலா, மருங்கு என்பதே! முதுகுத் தகட்டின் பெயராகிய 'தெர்கம்' இலத்தீனில் முதுகு. 'இசுடெர்னம்' கிரேக்கத்தில் மார்பு. அவர்தம் வீட்டுச் சொற்கள் அறிவியலாயின. தமிழன் வீட்டுச் சொற்கள் மட்டும் வாயிற்படி தாண்டக் கூடாதா?

தமிழால் இயலாதென்பார் வரலாறு அறியார். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். உடற்கூற்று நூலையும் தமிழில் ஆக்கினார். அதில் வடசொற்கள் மிக்கிருந்தன. ஆயினும் அயலான் தொடங்கிய அப்பணியைத் தமிழன் தொடர வேண்டாவா? பெரியசாமித் தூரன் பதிப்பாசிரியராக இருந்து கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை 1954 முதல் 1968 வரை வெளிக்கொணர்ந்தாரே!

உலக அறிஞரோடு உரையாட அயற்சொல்லையும் கற்கட்டும், தடையில்லை. ஆனால், பொருள் முதலில் தாய்மொழியில் உள்ளத்துட் புகவேண்டும். 'விலா' என்றதும் உழவன் மகள் தன் விலாவைத் தொட்டறிவாள். 'புளூரான்' என்றதும் தனக்கு அறிவில்லையென்று தலைகுனிவாள். குறை அவள் அறிவிலன்று, கற்பிக்கும் மொழியில்!

இளைஞர்களே! நாளை ஒரு தும்பியைக் காட்டி, அதன் உறுப்புகளை ஒரு சிறுவனுக்குத் தமிழிற் சொல்லுங்கள். தமிழ்வழி அறிவியல் அங்குத் தொடங்கட்டும்!