மந்த காலமும் மருத்துவமனை வேலையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் வேலையைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். யாம் பத்தாம் வகுப்பளவில் படிப்பை நிறுத்தி, புகைவண்டித் துறையில் எழுத்தராகப் பணியாற்றுகின்றோம். ஆயினும், அடுப்பு எரியாத வீட்டில் தமிழ்ப்பற்று நெடுநாள் நில்லாது ஆதலின், இப்பொருளைப் பேச இசைந்தோம்.

நம் குடும்பங்களுள் பல, பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே தொழிற்பேட்டைகளை நம்பி ஆனேக்கல் வந்தவை. 2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது, ஆலைகள் மூடின. அவ்வாண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி, முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட 23.9 விழுக்காடு குறைந்ததென அரசு முதலில் கணக்கிட்டது. அவ்வெண்ணின் பொருளைத் தாய்மார்கள் அரிசிப் பானையிலேயே கண்டனர்.

அன்று முதல் ஒரு பேச்சு நம்மிடையே வலுத்துள்ளது. "எத்தொழில் நலிந்தாலும் மருத்துவமனை வேலைக்கு நலிவில்லை" என்பதே அது. இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 2008ஆம் ஆண்டையொட்டிய பெருமந்தத்தில் அமெரிக்காவில் 80 இலட்சத்திற்கு மேற்பட்ட வேலைகள் மறைந்தபோதும், மருத்துவத் துறை ஆட்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தது. ஆனால் அதே நாட்டில், 2020 ஏப்ரல் ஒரே மாதத்தில், மருத்துவத் துறை ஏறத்தாழ 14 இலட்சம் வேலைகளை இழந்தது. பெருந்தொற்றுக்கு அஞ்சி ஏனைய சிகிச்சைகள் ஒத்திவைக்கப்பட்டமையே காரணம்.

நம் தாயகத்திலும் ஒரு பாடம் உண்டு. பெருந்தொற்றின்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட செவிலியர் 2,000-க்கும் மேற்பட்டோரின் பணி, 2022 டிசம்பர் 31 அன்று முடிவுற்றது. உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்கள் தெருவில் நின்று போராட நேர்ந்தது. நெருக்கடிக்கென வந்த பணியிடம் நெருக்கடியோடு போய்விடும். கற்ற தொழிலும் பெற்ற பதிவும் போகா. இதுவே இன்று யாம் சொல்ல வந்த செய்தி.

ஆதலின் பிள்ளைகளை நிலையான பயிற்சியில் சேர்ப்போம். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியோர் மூன்றாண்டுச் செவிலியர் பட்டயம் பயிலலாம். உயிரியல் உள்ளிட்ட அறிவியல் பாடங்களைப் படித்தோர் நான்காண்டு இளநிலைப் பட்டம் பயிலலாம். ஆய்வுக்கூடம், எக்ஸ்ரே, டயாலிசிஸ் ஆகியவற்றிற்கும் தனித்தனிப் பட்டயங்கள் உள்ளன. ஆண் பிள்ளைகளும் செவிலியராகலாம், அதில் குறைவொன்றுமில்லை.

ஆலை வேலையை இழந்த தம்பிமார்களும் மனம் தளர வேண்டா. மருத்துவமனை என்பது மருத்துவரும் செவிலியரும் மட்டுமன்று. மின்சாரம், ஜெனரேட்டர், குளிர்சாதனம், ஆக்சிஜன் குழாய் ஆகியவை ஒரு நொடியும் நிற்கலாகாது. பெருந்தொற்றையொட்டி நாடெங்கும் 1,200-க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்கள் நிறுவப்பட்டன. அவற்றை இயக்கத் தொழிற்கல்வி கற்ற கைகளே வேண்டும். பொம்மசந்திராவில் ஆலைகளுக்கு அருகிலேயே நாராயண ஹிருதயாலயா போன்ற பெரிய மருத்துவமனையும் இருக்கின்றது. பிட்டரும் எலக்ட்ரீஷியனும் அங்கும் விண்ணப்பம் அளித்துப் பார்க்கலாம்.

மூன்று எச்சரிக்கைகள் கூறுவோம். முதலாவது, கல்லூரியில் பணம் கட்டுமுன் அதற்குச் செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என நேரில் விசாரிக்க வேண்டும். தாலியை அடகு வைத்துக் கட்டிய கட்டணம் செல்லாத காகிதமாகலாகாது. வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்கும் தரகரை வாயிற்படி ஏற்றலாகாது. இரண்டாவது, தமிழ்நாட்டில் பதிவு பெற்ற செவிலியர் இங்குப் பணியாற்ற, கருநாடகச் செவிலியர் மன்றத்திலும் பதிய வேண்டும். மூன்றாவது, கன்னடம் கற்க வேண்டும். நோயாளி தன் துன்பத்தைத் தாய்மொழியில்தான் சொல்வான். வலியைக் கன்னடர் 'நோவு' என்கின்றனர். நமக்கும் அது பழகிய சொல்லே அன்றோ?

நோயாளிக்குப் பணிவிடை செய்வதை இழிவென எண்ணுவோர் இன்றும் நம்மிடையே உளர். திருவள்ளுவரோ மருந்து என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு, அருகிருந்து மருந்தூட்டுபவரையும் நான்காவதாகச் சேர்த்து வைத்தார். வள்ளுவர் உயர்த்திய தொழிலை நாம் தாழ்த்தலாமா?

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறுதோறும் நம் நூலகத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, விண்ணப்பம் எழுதவும் அங்கீகாரம் விசாரிக்கவும் இளைஞர்க்குத் துணை நிற்போம். எழுதும் வேலையை யாமே ஏற்கின்றோம். எழுத்தர்க்கு அதுவன்றோ தொழில்!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!