கிராம மின்சாரமும் தனியார் மூலதனமும்

(வரிச்சிக்குடி விவசாயிகள் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



யூனியன் பிரதேசங்களின் மின்சார விநியோகம் தனியாரிடம் ஒப்படைக்கப்படும் என்று இந்திய சர்க்கார் 2020 மே மாதத்தில் அறிவித்தனர். 2022 செப்டம்பரில் புதுச்சேரி சர்க்கார் அதற்காக டெண்டர் கோரினர். மின்துறை ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நான் எக்கட்சிக்கும் வாதாட வரவில்லை. மின்சாரம் எவர் கையில் இருப்பினும் நமக்கு வேண்டிய காப்பு யாது என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

தனியார் மூலதனம் நமக்குப் புதிதன்று. வாஞ்சூரில் தனியார் கட்டிய துறைமுகம் 2009ல் திறக்கப்பட்டு, 2023ல் அதானி கம்பெனியார் வசமாயிற்று. அங்கே கூலி அதிகமென்று தோன்றினால் கப்பல்காரர் வேறு துறைமுகம் நாடலாம். நம் பம்பு செட்டுக்கோ அவ்வழியில்லை. ஒரு தெருவில் இரண்டு கம்பெனியார் தனித்தனியே கம்பம் நட்டால் இருவருக்கும் கட்டுப்படியாகாது. ஆகையால் கம்பி ஒன்றே, விற்பவரும் ஒருவரே. போட்டியில்லாத அவ்விடத்தில்தான் சட்டம் நமக்குத் துணை நிற்கவேண்டும்.

நிற்க. ஒரிஸாவில் நடந்ததைக் கேளுங்கள். 1999ல் அதன் மத்தியப் பகுதி விநியோகத்தை ஓர் அமெரிக்கக் கம்பெனியார் ஏற்றனர். அவ்வருஷம் அக்டோபர் 29ந் தேதி பெரும்புயல் வீசிக் கம்பங்களைச் சாய்த்தது. புயற்சேதமும் வசூலாகாத பாக்கியும் சேர, 2001ல் அவர்கள் விலகிவிட்டனர். பின்னர் 2020ல் டாடா கம்பெனியார் அப்பகுதியை ஏற்றனர். 2018ல் கஜா புயலைக் கண்ட நமக்கு இதன் பொருள் விளங்கும். புயலுக்குப் பின் எத்தனை நாளில் மின்சாரம் திரும்பும், அச்செலவு யாரைச் சேரும் என்பவை ஒப்பந்தத்தில் முன்னதாகவே எழுதப்படல் அவசியம்.

2003ம் வருஷத்து மின்சாரச் சட்டம் நமக்குச் சில உரிமைகளை அளித்திருக்கிறது. கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனியாரன்று. கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையமே. 64வது பிரிவின்படி ஜனங்களின் ஆட்சேபங்களை ஆராய்ந்த பின்னரே ஆணையம் உத்தரவிடலாம். சர்க்கார் யாருக்கேனும் கட்டணச் சலுகை அளிக்க விரும்பினால், 65வது பிரிவின்படி அத்தொகையை முன்னதாகவே விநியோகஸ்தருக்குச் செலுத்தவேண்டும். பணம் போடுகிறவருக்கும் இது நன்மையே. நியாயமான லாபம் நிச்சயமென்று தெரிந்தால்தான் மூலதனம் துணிந்து வரும்.

சர்க்கார், தனியார் என்னும் இரண்டு வழிகளே உண்டென்று எண்ணவேண்டாம். தெலுங்கானாவில் ஸிர்ஸில்லாவில் 1970 முதல் ஒரு கூட்டுறவுச் சங்கமே மின்சாரம் விநியோகிக்கிறது. வாங்குவோரே அங்கத்தினர். அதுவும் ஆணையத்துக்குக் கட்டுப்பட்டதே.

நாம் காவிரியின் கடைமடையில் இருப்பவர்கள். ஆற்றுநீர் தாமதித்தால் நாற்றங்காலுக்குப் பம்பு செட்டே கதி. ஆகையால் உங்கள் சங்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். மின்சாரம் நின்ற தேதி, நேரம், எரிந்த மோட்டார், பழுது பார்த்த செலவு ஆகியவற்றை அன்றன்றே அதில் எழுதுங்கள். ஆணையத்தார் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு வெளியிடும்போது, கெடு தீருமுன் அக்கணக்கைச் சங்கத் தீர்மானத்துடன் அனுப்புங்கள். அவர்கள் தலைமைக் காரியாலயம் குருகிராமத்தில் உள்ளது. அவ்வளவு தூரம் நாம் நடக்க இயலாது; நமது கடிதம் போகும். வெறும் கூக்குரலைத் தள்ளிவிடலாம். தேதியோடு எழுதிய கணக்கைத் தள்ளுவது எளிதன்று.