பத்து டிகிரியின் வலிமை



மார்கழிக் குளிரில் இரவு உறை ஊற்றிய பால், பொழுது விடிந்த பின்னும் இறுகாமல் நிற்கிறது. சித்திரை மாதத்திலோ அதே பால் சில மணி நேரத்தில் தயிராகி, அன்றே புளித்தும் விடுகிறது. இதனை நன்கறிந்த நம் தாய்மார்கள் பருவத்திற்கேற்ப உறைமோரைக் கூட்டியும் குறைத்தும் ஊற்றுகிறார்கள். வெப்பநிலை உயர்ந்தால் இரசாயன மாற்றத்தின் வேகமும் உயரும் என்னும் உண்மையே இதில் அடங்கியிருக்கிறது. எவ்வளவு வெப்பத்திற்கு எவ்வளவு வேகம்? ஏன் அவ்வாறு நிகழ்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் இன்று விடை காண்போம்.

முதல் வினாவிற்கு உங்கள் பள்ளி ஆய்வுக்கூடமே விடை கூறும். புகைப்படக்காரர்கள் பயன்படுத்திவந்த ஹைப்போ என்னும் உப்பை நீரில் கரைத்து, ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றுங்கள். வெள்ளைத் தாளில் மையால் பெருக்கற்குறி ஒன்று வரைந்து, அதன்மேல் குவளையை வையுங்கள். இனி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சிறிது சேர்த்து, மேலிருந்து உற்று நோக்குங்கள். கந்தகம் நுண்துகள்களாகப் பிரிவதால் தெளிந்த நீர் மெல்லக் கலங்கி, இறுதியில் குறி மறைந்துபோகும். அதற்கு எத்தனை வினாடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர், அதே அளவுகளில், கரைசலை 10 டிகிரி கூடுதலாகச் சூடாக்கி மறுபடியும் செய்யுங்கள். முன்பு 40 வினாடி ஆகியிருந்தால், இப்போது ஏறக்குறைய 20 வினாடியிலேயே குறி மறைவதைக் காண்பீர்கள். மூச்சைத் திணறச் செய்யும் வாயுவும் இதில் வெளிப்படுமாதலால், ஆசிரியர் உடனிருக்க, சன்னல்களைத் திறந்துவைத்தே இதனைச் செய்தல் வேண்டும்.

சாதாரண வெப்பநிலையில் நிகழும் பல மாற்றங்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும். 10 டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். 20 டிகிரிக்கு நான்கு மடங்கு. 30 டிகிரிக்கு எட்டு மடங்கு. இது துல்லியமான விதியன்று. மாற்றத்திற்கு மாற்றம் வேறுபடும். எனினும் மனத்தில் இருத்தத்தக்க நல்ல கணக்கு.

இனி, இரண்டாம் வினாவிற்கு வருவோம். இரு பொருள்கள் சேர்ந்து மாற வேண்டுமாயின், அவற்றின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோத வேண்டும். சூடேறினால் மூலக்கூறுகள் விரைந்து ஓடும்; அதனால் அடிக்கடி மோதும்; எனவே வேகம் மிகும் என்று உங்களில் பலர் விடை கூறக்கூடும். விடை பிழையன்று, ஆனால் போதாது. 27 டிகிரி சென்டிகிரேட் என்பது தனி வெப்பநிலை அளவில் 300 ஆகும். அதனை 310 ஆக்கினால், ஒரு வாயுவின் மூலக்கூறுகளின் சராசரி வேகம் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட உயர்வதில்லை. மோதல்கள் நூற்றுக்கு இரண்டு கூடினால், மாற்றத்தின் வேகம் நூற்றுக்கு நூறு கூடுவது எங்ஙனம்?

இப்புதிரை அவிழ்க்க வழிகாட்டியவர் சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ். அமிலம் கலந்த நீரில் கரும்புச் சர்க்கரை உருமாறும் வேகத்தை ஆராய்ந்து, 1889ஆம் ஆண்டில், தமது முப்பதாம் வயதில், அவர் ஒரு கருத்தை வெளியிட்டார். எல்லா மூலக்கூறுகளும் மாறத் தகுதி பெற்றவை அல்ல. போதிய ஆற்றல் படைத்த சிலவே மாறுகின்றன. வெப்பம் அச்சிலவற்றின் தொகையைப் பெருக்குகிறது என்பதே அவர் கருத்து. அந்தப் போதிய ஆற்றலையே இன்று கிளர்வு ஆற்றல் என்கிறோம்.

பள்ளியிலேயே வாழ்நாளைக் கழித்தவனாதலால், இதனை மதிப்பெண் கணக்கால் விளக்குகிறேன். ஆயிரம் மாணவர் எழுதிய ஒரு தேர்வில் சராசரி 50 என்றும், 90உம் அதற்கு மேலும் பெற்றோர் பத்துப் பேர் என்றும் கொள்வோம். அடுத்த தேர்வில் எல்லோரும் மும்மூன்று மதிப்பெண் கூடுதலாகப் பெற்றால், சராசரி 53 தான் ஆகும். ஆனால் 87, 88, 89 என்று வாயிலருகே நின்றவர்கள் உள்ளே நுழைந்துவிடுவதால், பத்துப் பேர் பதினைந்து பேராகிவிடலாம். சராசரி சிறிதே உயர்ந்தது. உச்சியில் நிற்போர் தொகையோ ஒன்றரை மடங்காயிற்று!

மூலக்கூறுகளின் தேர்வு இதனினும் கடுமையானது. 10 டிகிரியில் வேகம் இரட்டிக்கும் ஒரு மாற்றத்தில், 300 என்ற நிலையில் ஏறத்தாழ 200 கோடி மோதல்களுக்கு ஒன்றே போதிய ஆற்றல் உடையது. 310இல் அந்த ஒன்று இரண்டாகிறது. ஒன்று இரண்டானால் வேகம் இரட்டிப்பதில் வியப்பென்ன?

இத்தடை இல்லாவிடில் உலகம் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கையிலுள்ள புத்தகத்தைச் சுற்றிலும் பிராணவாயு சூழ்ந்திருக்கிறது. ஆயினும் அது எரிவதில்லை. அறையின் வெப்பநிலையில் அந்தத் தடையைத் தாண்டும் மூலக்கூறுகள் இல்லையென்றே சொல்லலாம். ஒரு தீக்குச்சி அருகில் வந்தாலோ சில நொடிகளில் சாம்பல்!

உயிர்ப்பொருள்களின் செய்தி சற்று வேறு. மிதமான சூடு தயிரை விரைவாக்கும். கொதிக்கும் பாலில் உறை ஊற்றினாலோ தயிரே ஆகாது. அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களும் அவற்றின் நொதிகளும் கொடுஞ்சூட்டில் அழிந்துவிடுகின்றன.

நண்பர்களே, இக்கணக்கின் அஞ்சத்தக்க பக்கம் ஒன்றும் உண்டு. பல மாற்றங்கள் தாமே வெப்பத்தை வெளிவிடுகின்றன. அவ்வெப்பம் வெளியேறாவிடில் வெப்பநிலை உயரும். உயர்ந்தால் வேகம் மிகும். மிகுந்தால் மேலும் வெப்பம் பிறக்கும். பாத்திரத்திலிருந்து வெளியேறும் வெப்பமோ படிப்படியாகத்தான் கூடும். உள்ளே பிறக்கும் வெப்பம் இரட்டித்து இரட்டித்துப் பெருகும். ஈரம் உலராத வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே சூடேறித் தீப்பற்றுவதும் உண்டு. உழவர் அதை நன்கு உலர்த்திய பின்னரே போர் போடுவதில் இத்தகைய எச்சரிக்கையும் அடங்கியுள்ளது.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் இரவு, போபால் நகரத்துப் பூச்சிமருந்துத் தொழிற்சாலையில் நேர்ந்ததை நாம் மறக்கலாகாது. மீதைல் ஐசோசயனேட் என்னும் கொடிய நச்சுத் திரவம் ஏறத்தாழ 40 டன் இருந்த தொட்டியில் தண்ணீர் புகுந்தது. இரண்டும் சேர்ந்தால் வெப்பம் பிறக்கும். அத்திரவத்தைக் குளிர்நிலையில் வைப்பதற்கென அமைந்த குளிர்சாதனமோ பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. 39 டிகிரியில் கொதிக்கும் அத்திரவம், 200 டிகிரிக்கும் மேல் சூடேறி, நச்சு வாயுவாகச் சீறி வெளியேறிற்று. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். தண்ணீர் புகுந்தது தொடக்கம். வேறு பாதுகாப்புகளும் அன்று உதவவில்லை. ஆயினும் திரவம் குளிர்ந்திருந்தால் மாற்றம் மெல்லத் தொடங்கியிருக்கும். ஊரை எழுப்பி அகற்றுவதற்கு நேரம் கிடைத்திருக்கும்.

குளிர்ச்சி என்பது நேரம். தடுப்பு மருந்துகள் பலவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருப்பதும், மீனைப் பனிக்கட்டியில் புதைப்பதும் இதற்காகவே. நாளை உங்களில் ஒருவர் மருந்துக் கிடங்கிலோ தொழிற்சாலையிலோ பொறுப்பேற்கக்கூடும். அப்போது வெப்பமானி 10 டிகிரி ஏறியிருக்கக் கண்டால், ‘பத்துத்தானே’ என்று எண்ணாதீர்கள். ‘இரு மடங்கு’ என்று படியுங்கள்.